மருத்துவமனைக் கணினியும் கைரேகையும்: மதுரைப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை நகரிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கங்களிலும் உள்ள தனியார் மருத்துவமனைகளில் நோயாளர் பதிவேட்டுக் கணினிகளை நிறுவிப் பராமரிப்பது என் தொழில். கடவுச்சொல்லுக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ கைரேகை, முகம், கருவிழி ஆகியவற்றைக் கொண்டு கணினிக்குள் நுழையும் பயோமெட்ரிக் முறையை ஒரு மருத்துவமனை கொண்டுவரும்போதெல்லாம், நிர்வாகிகளும் செவிலியர்களும் நோயாளிகளின் உறவினர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே எழுப்புகிறார்கள். அந்தக் கேள்விகளையும், நான் அவர்களுக்குச் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ரேகை வைத்தால் கணினிக்குள் பதிவது என் விரலின் படமா?

முறையாக அமைக்கப்பட்ட கருவியில் படம் தங்குவதில்லை. விரல் நுனியில் உள்ள கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்ற புள்ளிகளை மட்டும் மென்பொருள் குறித்துக்கொண்டு, அவற்றை எண்களின் தொகுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. மறுமுறை விரல் வைக்கும்போது புதிதாக உருவாகும் தொகுப்பைப் பழையதோடு ஒப்பிட்டு, இரண்டும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று மதிப்பெண் போடுகிறது. ஒரே விரலை இரண்டு முறை வைத்தாலும் அழுத்தமும் ஈரமும் கோணமும் மாறுவதால் அச்சு ஒன்றுபோல் விழுவதில்லை. ஆகவே குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் வந்தால் அந்த ஆள்தான் என்று ஏற்றுக்கொள்ளும்படி ஒரு வரம்பு வைக்கப்படுகிறது. அந்த வரம்பைத் தளர்த்தினால் வேற்றாள் உள்ளே வரக்கூடும். இறுக்கினால் உரியவரே வெளியே நிற்க நேரும். இந்த முறையின் நன்மைகளும் தொல்லைகளும் பெரும்பாலும் இந்த ஒரு வரம்பிலிருந்துதான் வருகின்றன.

சேமிக்கப்பட்ட எண்தொகுப்பிலிருந்து ரேகையை மீண்டும் உருவாக்கவே முடியாது என்று விற்பனையாளர்கள் சிலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஏறத்தாழ ஒத்த ரேகையை அதிலிருந்து வரைந்துகாட்ட முடியும் என்பதை ஆய்வாளர்கள் நிரூபித்திருக்கிறார்கள். ஆகவே அந்த எண்தொகுப்பையும், சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கித்தான் வைக்க வேண்டும்.

கைநாட்டு வைக்கச் சொல்வது எங்களைப் படிக்காதவர்களாக நடத்துவதுபோல் இருக்கிறதே?

இதைக் கேட்டவர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர். வயதான காலத்தில் தாமாகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். அவருடைய வருத்தம் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் ரேகையின் வரலாறு அப்படிப்பட்டதன்று. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்தை உறுதிசெய்ய உள்ளங்கை அச்சை வாங்கினார். 1897இல் கொல்கத்தாவில் தொடங்கிய ரேகைப் பிரிவு உலகின் முதல் பிரிவுகளில் ஒன்று. அங்கே பணியாற்றிய அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இரு இந்தியர்கள் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்தார்கள். இன்று தலைமை மருத்துவரும் அதே கருவியில்தான் விரலை வைக்கிறார். அப்படியிருந்தும் ஒரு பெரியவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால், அட்டையோ கைப்பேசியில் வரும் ஒருமுறைக் குறியீடோ கொண்டு அவரை அடையாளம் காண வழி இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கடவுச்சொல் இருக்கும்போது இது எதற்கு?

நான் பார்த்த ஒரு நிகழ்வைச் சொன்னால் விளங்கும். ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. அதில் மூத்த செவிலியர் ஒருவரின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுதியிருந்தன. மூன்று ஷிப்டிலும் எல்லாரும் அவர் பெயரிலேயே நுழைந்து, கொடுத்த மருந்துகளைப் பதிந்துவந்தார்கள். ஓர் இரவு, சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட இன்சுலின் உடனே பதியப்படாததால், அடுத்து வந்தவர் கொடுக்கவில்லை என்று எண்ணி மீண்டும் ஒரு முறை போட்டுவிட்டார். நோயாளியின் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வந்தது. குளுக்கோஸ் ஏற்றி மீட்டார்கள். மறுநாள் விசாரணையில் கணினி காட்டிய பெயர் அந்த மூத்த செவிலியருடையது. அவரோ அன்றிரவு விடுப்பில், வாடிப்பட்டியில் தம் அண்ணன் மகளின் காதணி விழாவில் இருந்தார். தாம் செய்யாத தவறுக்கு இரண்டு நாள் அவர் விளக்கம் எழுதிக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

வார்டில் கடவுச்சொல்லைப் பகிர்வது ஒழுங்கீனத்தால் மட்டும் நடப்பதன்று. ஒரு ஷிப்டில் பல முறை கணினியைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது; கையில் மருந்துத் தட்டு இருக்கிறது; பக்கத்துப் படுக்கையில் மணி அடிக்கிறது. எட்டு எழுத்தும் ஒரு குறியீடும் கொண்ட கடவுச்சொல்லை ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டிருக்க அந்த இடத்தில் யாராலும் முடியாது. விரலை வைத்தாலோ முகத்தைக் காட்டினாலோ இரண்டு விநாடியில் திறக்கும் என்றால், அடுத்தவர் பெயரில் நுழைவதற்கான காரணமே போய்விடுகிறது. எந்த மருந்தை எப்போது யார் கொடுத்தார், யாருடைய பரிசோதனை முடிவை யார் பார்த்தார் என்ற பதிவு உண்மையாகிறது. மருத்துவமனைக்கு இந்த முறை தரும் பயன்களில் நான் முதலாவதாக மதிப்பது இதைத்தான். வெளியாரைத் தடுப்பதை இதற்கு அடுத்துத்தான் வைப்பேன்.

கைரேகை, முகம், கருவிழி, உள்ளங்கை நரம்பு: எங்கே எது பொருந்தும்?

ஒரே கருவியை வாங்கி எல்லா இடத்திலும் மாட்டுவது நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் அது வேலை செய்யாது.

வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் செவிலியரின் கையில் கையுறை இருக்கும். கையுறையைக் கழற்றிக் கைகழுவி ரேகை வைத்து மீண்டும் கையுறை மாட்டச் சொன்னால், மூன்றாம் நாளே துண்டுச்சீட்டு திரும்ப ஒட்டப்படும். மேலும் ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியை நாள் முழுவதும் தேய்ப்பதால் விரல் தோல் வறண்டு, ரேகை விழுவதும் குறைகிறது. பலர் தொடும் கண்ணாடியைத் துடைக்காமல் விட்டால் தொற்றுக்கு அதுவே வழியாகும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது அலுவலகங்களில் ரேகை வருகைப்பதிவை நிறுத்தியது இந்தக் காரணத்தால்தான். இப்படிப்பட்ட இடங்களுக்குத் தொடாமல் வேலை செய்யும் முறையே ஏற்றது. முகத்தைக் காட்டும் முறை முகக்கவசத்தோடு தடுமாறும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2020 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், கவசம் அணிந்த முகங்களுக்கு மென்பொருள்களின் பிழை 5 முதல் 50 விழுக்காடு வரை இருந்தது தெரியவந்தது. அதன்பிறகு மென்பொருள்கள் முன்னேறியிருக்கின்றன. எனினும் வாங்கும் முன் உங்கள் செவிலியர்கள் அணியும் அதே கவசத்தோடு சோதித்துப் பாருங்கள்.

உள்ளங்கை நரம்பு முறை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைக் கையின்மேல் பாய்ச்சுகிறது. சிரைகளில் ஓடும் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் சிரைகள் கறுப்புக் கோடுகளாகத் தெரிகின்றன. தோலின் மேற்பரப்பு தேய்ந்திருந்தாலும் பாதகமில்லை. கருவியைத் தொடவும் வேண்டியதில்லை. அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைப் பதிவு செய்ய இம்முறை பயன்படுகிறது. நம் பக்கத்தில் இதன் விலைதான் தடையாக இருக்கிறது.

மருந்தகம், கிடங்கு, பதிவறை போன்ற இடங்களில் அமர்ந்து வேலை செய்பவர்களுக்குச் சாதாரண ரேகைக் கருவியே போதும். ஆனால் மார்பின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகள் இருக்கும் அலமாரிக்கும் அந்த மருந்துச் சீட்டுகளுக்கும் ரேகை மட்டும் போதாது. அதோடு அட்டையோ குறியெண்ணோ சேர வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய மருந்துகளைக் கணினிவழி எழுதிக்கொடுக்க 2010 முதல் இரண்டு சான்றுகள் கட்டாயம். தெரிந்த ஒன்று, கையில் உள்ள ஒன்று, உடலில் உள்ள ஒன்று ஆகிய மூன்றில் எவையேனும் இரண்டு இருக்க வேண்டும். அந்த விதி இங்கே பொருந்தாது என்றாலும் அதன் நியாயம் இங்கும் பொருந்தும்.

எங்கள் நோயாளிகளில் பலருக்கு ரேகையே விழுவதில்லை. என்ன செய்வது?

மதுரைப் பக்கத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்த முறையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. மேலூர்ப் பக்கம் கல் உடைத்தவர்கள், செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்தவர்கள், சுங்குடிச் சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்ட பெண்கள், சாயத்தொட்டியில் கைவைத்தவர்கள், பல ஆண்டுகள் பாத்திரம் தேய்த்தவர்கள் ஆகிய இவர்கள்தாம் நம் வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் நிற்பவர்கள். ரேஷன் கடையில் ரேகை விழாமல் ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்த அனுபவம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. வயது ஏற ஏறத் தோல் மெலிந்து கோடுகள் மங்குவதும் இயல்பு.

நோயும் மருந்தும்கூட ரேகையைக் கெடுக்கும். தொழுநோய், கடுமையான தோல் அழற்சி, தீக்காயம் ஆகியவை அப்படிப்பட்டவை. புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் கேப்சிடபைன் மாத்திரையால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிவதுண்டு. சிலருக்கு ரேகையே அழிந்துவிடும். சிங்கப்பூரைச் சேர்ந்த ஒருவர் அந்த மாத்திரை உட்கொண்டதால் ரேகை இல்லாமல் அமெரிக்க விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்ட செய்தி 2009இல் ஒரு புற்றுநோய் மருத்துவ இதழில் வெளிவந்தது. புற்றுநோய்ப் பிரிவு நடத்தும் மருத்துவமனை, தான் கொடுக்கும் மருந்தாலேயே ரேகை போன நோயாளியிடம் ரேகை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

நடைமுறையில் சில செயல்கள் உதவுகின்றன. பதிவின்போது ஒரே விரலை வைத்து முடிக்காமல், எந்த விரல்கள் தெளிவாக விழுகின்றன என்று பார்த்து இரண்டு கைகளிலும் குறைந்தது இரண்டு விரல்களைப் பதிய வேண்டும். விரலை ஈரத்துணியால் துடைத்துச் சற்று உலரவிட்டு வைத்தால் பலருக்கு விழுகிறது. திருமணக் காலத்தில் விரல் நுனிவரை மருதாணி இட்டிருந்தால் சில ஒளிவழிக் கருவிகள் தடுமாறும் என்பதைப் பதிவு ஊழியர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகும் விழாவிட்டால் மூன்றாவது முயற்சியோடு நிறுத்திவிட்டு, நோயாளர் எண், பிறந்த ஆண்டு, ஊர், புகைப்படம் ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காணும் மாற்று வழிக்குப் போய்விட வேண்டும். அந்த மாற்று வழி ஊழியரின் நல்ல மனத்தை நம்பியதாக இல்லாமல், மென்பொருளிலேயே ஒரு பொத்தானாக இருக்க வேண்டும். வரிசையில் பத்துப் பேர் பார்க்க, ஒரு மூதாட்டியை ஏழாவது முறையாக விரல் வைக்கச் சொல்வதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

கண்புரை அறுவை செய்துகொண்டவரின் கருவிழி கணினிக்குப் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். கண்புரை அறுவையில் மாற்றப்படுவது உள்ளே இருக்கும் லென்ஸ். கருவி படிப்பதோ அதற்கு முன்னால், கண்பாப்பாவைச் சுற்றியிருக்கும் நிறமுள்ள திரையின் நெளிவுகளை. ஜான் டாக்மன் 1994இல் காப்புரிமை பெற்ற கணக்குமுறையை அடியாகக் கொண்டுதான் இந்தத் துறை வளர்ந்தது. ஒருவருடைய இடக்கண்ணும் வலக்கண்ணும்கூட இதில் வேறுவேறு. அறுவையில் அந்தத் திரை காயப்பட்டாலோ பிறகு அழற்சி வந்தாலோ, குணமான பின் புதிதாகப் பதிந்துகொள்வது நல்லது.

1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. இங்கே கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு நடமாடுபவர்களை நாள்தோறும் பார்க்கிறோம். பாப்பாவை விரிக்கும் அந்த மருந்தின் வேகம் இருக்கும் சில மணி நேரத்தில் நிறத்திரை ஒடுங்கிவிடுவதால் கருவி மறுக்கக்கூடும். கண் பிரிவில் கருவிழிப் பதிவைச் சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் கருவியை மட்டும் நிறுவிவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் ரேகை இன்னொருவருடைய ரேகையோடு பொருந்திவிட வாய்ப்பு உண்டா?

கருவியை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 10,000 ஒப்பீட்டில் ஒன்று தவறாகப் பொருந்தும் அளவுக்கு வரம்பு வைக்கப்பட்ட கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நோயாளி முதலில் தம் எண்ணைச் சொல்லி, அந்த ஓர் எண்ணுக்குரிய ரேகையோடு மட்டும் ஒப்பிட்டால், தவறு நேரும் வாய்ப்பு 10,000இல் ஒன்றுதான். எண்ணைக் கேட்காமல் விரலை மட்டும் வைக்கச் சொல்லி, பதிவேட்டில் உள்ள 1 லட்சம் பேரோடும் ஒப்பிட்டால், சராசரியாகப் பத்துப் பேருடைய பதிவுகள் தவறாகப் பொருந்தி நிற்கும். அவர்களில் ஒருவருடைய ரத்த வகையும் ஒவ்வாமைக் குறிப்பும் உங்கள் பெயரில் திறந்தால் விளைவு என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே எண் முதலில், ரேகை பிறகு. எண்ணை மறந்து வருபவர்களுக்குப் பெயரும் ஊரும் கொண்டு தேடி, திரையில் வரும் படத்தைப் பார்த்து ஊழியர் உறுதிசெய்ய வேண்டும். முத்துலட்சுமி என்ற பெயரில் ஒரே நாளில் நால்வர் வரும் ஊரில் இந்தக் கவனம் தேவை.

போலி விரலால் ஏமாற்ற முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. 2002இல் ஜப்பானிய ஆய்வாளர் சுதோமு மட்சுமோட்டோ ஜெலட்டினால் செய்த விரலைக் கொண்டு அன்றைய கருவிகள் பலவற்றை ஏமாற்றிக் காட்டினார். மருத்துவத் துறைக்கே நேரடியான பாடம் 2013இல் பிரேசிலில் கிடைத்தது. வேலைக்கு வராத சக ஊழியர்களுக்காகச் சிலிகோன் விரல்களால் வருகை பதிந்த மருத்துவர் ஒருவர் அங்கே பிடிபட்டார். நம் நாட்டிலும் பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையை நகலெடுத்து, ஆதார் வழியாக வங்கிப் பணத்தை எடுத்த மோசடிகள் பதிவாகியுள்ளன. அதைத் தடுக்க ஆதார் ஆணையம் 2023இல், வைக்கப்பட்டது உயிருள்ள விரல்தானா என்று ஆராயும் கூடுதல் சோதனையைச் சேர்த்தது.

கருவி வாங்கும்போது உயிருள்ள உறுப்பைக் கண்டறியும் வசதி இருக்கிறதா, ஐ.எஸ்.ஓ. 30107 தரநிலைப்படி சோதிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். விலை குறைந்த வருகைப்பதிவுக் கருவிகள் பலவற்றில் இது இருப்பதில்லை.

அப்படியானால் வருகைப்பதிவுக்கு வாங்கிய கருவியையே வார்டுக் கணினிக்கும் பயன்படுத்தலாமா?

வேண்டாம். இரண்டின் நோக்கமும் பாதுகாப்பு அளவும் வேறு. வருகைப்பதிவு சம்பளத்துக்கானது, வார்டுக் கணினியில் இருப்பது நோயாளியின் உயிரோடு தொடர்புடையது.

ரேகைத் தரவு திருடுபோனால் என்ன ஆகும்?

எனக்கு மிகுந்த கவலை தரும் கேள்வி இது. கடவுச்சொல் போனால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். விரல் பத்துதான், கண் இரண்டுதான், முகம் ஒன்றுதான். அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேருடைய ரேகைகள் திருடப்பட்டது 2015இல் தெரியவந்தது. அவர்களுக்குப் புது விரல் கொடுக்க எந்த அரசாலும் இயலாது.

ஆகவே எங்கே சேமிப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஊழியர்களுக்கு நான் பரிந்துரைப்பது, அவரவர் கைப்பேசியிலோ வார்டுக் கணினியிலோ உள்ள பாதுகாப்புச் சில்லுக்குள்ளேயே ரேகையோ முகமோ தங்கிவிடும் முறையை. ஃபிடோ என்ற தரநிலையில் அமைந்த 'பாஸ்கீ' முறை இப்படித்தான் இயங்குகிறது. விரல் அந்தச் சாதனத்தில் உள்ள மறைச்சாவியை மட்டுமே திறக்கிறது. மருத்துவமனையின் சர்வருக்கு ரேகையே வருவதில்லை. சர்வரில் இல்லாததை அங்கிருந்து யாரும் திருட முடியாது. பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் கணினிகளில் இது சற்றுச் சிரமம். அங்கே ஊழியரின் அடையாள அட்டையிலேயே எண்தொகுப்பைப் பதித்துக் கொடுக்கலாம். நோயாளிகளுடைய ரேகைகளை மையமாகச் சேமிப்பது தவிர்க்க முடியாதது என்றால், அவற்றை நோய்க்குறிப்புகள் இருக்கும் தரவுத்தளத்திலிருந்து பிரித்து, வேறு சாவியால் பூட்டி வைக்க வேண்டும். பராமரிப்பு நிறுவனத்தின் பணியாளருக்கு, அதாவது என்னைப் போன்றவனுக்கு, அந்தச் சாவி கிடைக்கக் கூடாது.

பயோமெட்ரிக் வைத்துவிட்டால் பணம் கேட்டு முடக்கும் வைரஸ்களிலிருந்து தப்பலாமா?

அதை மட்டும் நம்பினால் தப்ப முடியாது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டு வாரம் வெளிநோயாளர் பதிவும் பரிசோதனை முடிவுகளும் கையால் எழுதப்பட்டன. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வாசற்கதவுக்கு நல்ல பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால் பயனில்லை. தினமும் நகலெடுத்து அதில் ஒன்றை வலையமைப்போடு இணைக்காமல் வைப்பது, பழைய மென்பொருள்களைப் புதுப்பிப்பது, ஸ்கேன் கருவிகளின் வலையமைப்பைத் தனியே பிரிப்பது ஆகியவற்றைச் செய்யாத மருத்துவமனை, ரேகைக் கருவிக்குச் செலவிடும் பணத்தை முதலில் அவற்றுக்குச் செலவிடட்டும்.

ஆதார் ரேகையையே மருத்துவமனை பயன்படுத்திக்கொள்ளலாமா?

தன் விருப்பம்போல் முடியாது. ஆதாரின் அடிப்படை பயோமெட்ரிக் தரவை யாரோடும் பகிர 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் தடைவிதிக்கிறது. ஆதார் ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு, பதிவுசெய்யப்பட்ட கருவி வழியாகச் சரிபார்ப்பைக் கேட்கலாம். 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற விடையோ வரையறுக்கப்பட்ட சில விவரங்களோ வரும். அந்த ரேகையைத் தன் கணினியில் சேமித்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. 2018 செப்டம்பர் 26இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அரசின் மானியம், நலத்திட்டம் ஆகியவற்றுக்கு ஆதாரை அனுமதித்தது. தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் அதைக் கேட்பதற்கு இடங்கொடுத்த பகுதியை நீக்கியது.

நோயாளியின் மருத்துவப் பதிவுகளை இணைப்பதற்கான, 14 இலக்கம் கொண்ட ஆபா எண் வேறு. 2021 செப்டம்பர் 27 அன்று தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் கீழ் வருவது அது. பெறுவது நோயாளியின் விருப்பம். கைப்பேசிக்கு வரும் குறியீட்டைக் கொண்டே அதைப் பெற்றுவிடலாம். ரேகை வைத்தே தீர வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது.

சட்டப்படி மருத்துவமனையின் கடமை என்ன?

2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் பயோமெட்ரிக் விவரத்தையும் மருத்துவப் பதிவுகளையும் நுண்ணுணர்வுள்ள தனிநபர் தரவு என்று வரையறுத்து, எழுத்துவழி ஒப்புதலைக் கட்டாயமாக்கின. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. மருத்துவமனைகளைத் தொடும் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வரும். பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் ஒப்புதல் இன்றியும் தரவைக் கையாள இச்சட்டம் இடமளிக்கிறது. இவை தவிர, கணினித் தாக்குதல் நடந்ததை அறிந்த 6 மணி நேரத்துக்குள், கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டின் ஆணை உண்டு. சிறிய மருத்துவமனைகள் பலவற்றில் அதைத் தெரிவிக்க வேண்டியவர் யார் என்றே முடிவு செய்யப்படவில்லை. இன்றே ஒருவரை நியமித்து, அவர் பெயரைச் சுவரில் எழுதி வையுங்கள்.

மயங்கிய நிலையில் வருபவருக்கும், மருத்துவரால் நுழைய முடியாத அவசரத்துக்கும் என்ன ஏற்பாடு?

நான்குவழிச் சாலையில் விபத்துக்குள்ளாகி இரவு இரண்டு மணிக்கு வருபவருக்கு முதலில் சிகிச்சை, அடையாளம் பிறகு. அவருடைய மயக்கத்தைப் பயன்படுத்தி அவர் விரலை எடுத்துக் கருவியில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். தற்காலிக எண் கொடுத்துப் பதிவைத் தொடங்கி, அவர் தெளிந்தபின் அல்லது உறவினர் வந்தபின் பழைய பதிவோடு இணைக்கலாம்.

மருத்துவர் பக்கத்தில், ரேகைக் கருவி பழுதாகியோ விரலில் கட்டுப் போட்டிருந்தோ நுழைய முடியாத நிலை வரும். அதற்காக அவசர நுழைவு என்ற வழி ஒவ்வொரு கணினியிலும் இருக்க வேண்டும். அதில் பெயரும் குறியெண்ணும் காரணமும் கொடுத்தால் பதிவு உடனே திறக்கும். அதே நொடியில் கண்காணிப்பாளருக்குத் தகவல் போகும். மறுநாள் அந்த நுழைவு கட்டாயம் ஆராயப்படும். இணையம் இல்லாதபோதும் இது இயங்கும்படி, ஒப்பிடும் வேலை அந்தந்தக் கட்டடத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். மழைக்காலத்தில் இணையக் கம்பி அறுந்து அரை நாள் நிற்பது நமக்குப் புதிதன்று.

வேலையை விட்டுப் போனவரின் ரேகை?

கடைசிப் பணிநாள் மாலையே அனுமதியை நிறுத்திவிட வேண்டும். சட்டமோ விசாரணையோ கோராத நிலையில் எண்தொகுப்பையும் அழித்து, அழித்ததை அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் செய்த பதிவுகள் மட்டும் அவர் பெயரில் நீடிக்கும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

மருந்தகத்திலிருந்து. ஆட்கள் குறைவு, கைகள் உலர்ந்தவை, பொறுப்பு மிகுதி. அங்கே மூன்று மாதம் நடத்தி, எத்தனை முறை உரியவர் மறுக்கப்பட்டார் என்று நாள்தோறும் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போங்கள். வார்டில் இரவு ஷிப்டுச் செவிலியர்களைக் கேட்காமல் எந்தக் கருவியையும் தேர்ந்தெடுக்காதீர்கள். நோயாளிகளை இதில் சேர்ப்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

காப்பீட்டுப் பிரிவில் அம்மாவுக்கு ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

அங்கேயே நின்று, கருவிழி, முகம், கைப்பேசிக் குறியீடு ஆகியவற்றில் எதன் வழியாகவாவது சரிபார்க்கும்படி கேளுங்கள். ஆதார் இல்லை, அல்லது சரிபார்ப்பு நிறைவேறவில்லை என்ற காரணத்துக்காக மருத்துவமனைச் சேர்க்கை போன்ற அடிப்படைச் சேவையை மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையம் 2018 பிப்ரவரியில் தெளிவாக அறிவித்திருக்கிறது. மறுத்தால், மறுத்த காரணத்தைத் தேதியோடு எழுதித் தரும்படி கேளுங்கள். பல இடங்களில் அந்த ஒரு வேண்டுகோளே வழியைத் திறந்துவிடும். தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணிலும், ஆதார் தொடர்பான குறையை 1947 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். சிகிச்சை முடிந்து அம்மாவால் பயணம் செய்ய முடிகிறபோது, ஆதார் சேவை மையத்துக்கு அழைத்துச் சென்று ரேகையையும் கருவிழியையும் புதுப்பித்து, கைப்பேசி எண்ணையும் இணைத்துவிடுங்கள். மகனின் எண்ணைக் கொடுப்பதைவிட அம்மாவின் கையில் எப்போதும் இருக்கும் கைப்பேசியின் எண்ணைக் கொடுப்பது நல்லது. மகன் திருப்பூரில் வேலையில் இருக்கும் நேரத்தில்தான் குறியீடு வந்து சேரும்.